சுகவீன லீவு எடுத்த நாள்

பிள்ளைகளே, ஞாயிறு பின்னேரமும் அப்பா ஏன் ஆசிரியர் சங்கக் கூட்டமென்று ஓடுகிறார் என்று கேட்கிறீர்கள். இதை வாசியுங்கள்.

மன்னார்த் தீவின் கரையில் ஒரு மீனவக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு ஆசிரியரானவன். என்னோடு விடுதியில் தங்கியிருந்த இருவரும் பட்டதாரிகள், இளந்தாரிகள். சங்கத்தில் சேரச் சொன்னால் மூத்தவன் சிரிப்பான். "சேர், அது உங்கட காலத்துச் சாமான். இப்ப அலுவல் எண்டால் எம்.பி.யைப் பிடிக்கவேணும்." மற்றவன், "வேலை நிரந்தரமாகட்டும், பாப்பம்" என்பான்.

அப்போதுதான் பாலர் வகுப்பு ரீச்சரைப் பெருநிலத்தில் எங்கோ காட்டுப்பக்கப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அவர் கைக்குழந்தைக்காரி. பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் இல்லையென்று கல்வி அதிகாரியிடம் கூட்டத்தில் கேட்டதுதான் அவர் செய்த குற்றம். இளந்தாரிகள் எம்.பி. வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்றுவிட்டு, அவரைக் காணாமல் திரும்பி வந்தார்கள்.

மாற்றத்தை நிறுத்தக் கேட்டு, எல்லாரும் ஒரே நாளில் சுகவீன லீவு எடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. வேலைநிறுத்தம் என்ற பேச்சு வெளியே வராது என்பதால் இந்த இளந்தாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணத்தை ஊருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

காலைப் பூசையில் பங்குச் சுவாமி, சுகமில்லாத ஆசிரியர்களுக்காக மன்றாடச் சொல்லிவிட்டார். பூசை முடிய, சனம் நேரே விடுதிக்கு வந்தது. மூத்தவன் போர்வைக்குள் புகுந்தான். யாரோ தந்த கஞ்சிக் கோப்பையோடு நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாணவியின் தாய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வேர்க்குது, காய்ச்சல் இறங்குது. மடு மண் கரைச்ச தண்ணி, குடியுங்கோ சேர்."

"நான் ட்ரக்டரை எடுத்தாறன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றார் அவள் கணவர்.

மடு மாதா கோவில் மண் கரைத்த தண்ணீரைப் பொய்க் காய்ச்சலுக்குக் குடிக்க அவனால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு வருத்தம் காய்ச்சல் ஒண்டும் இல்லையக்கா. வேலைநிறுத்தம். பாலர் ரீச்சரை மாத்தக்கூடாதெண்டு."

மாணவியின் தாய் தண்ணீரைக் கீழே வைத்தாள். பிறகு அவள் கேட்டாள்: "அதைச் சொல்ல என்ன பயம்? கடலில ஒருத்தர் தவறினால் இந்தக் கரையில ஒரு தோணியும் இறங்காது. அதை நாங்கள் ஒளிச்சோ செய்யிறம்?"

"ட்ரக்டர் எடுக்கத்தான் போறன்," என்றார் கணவர். "ஆஸ்பத்திரிக்கில்லை, கல்விக் கந்தோருக்கு, அதிகாரியிட்ட."

மூத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினான். பின்னால் ட்ரக்டர்ப் பெட்டி நிறையத் தாய்மார்.

கல்விக் கந்தோர் வாசலில் அதிகாரி, "உங்களுக்குச் சுகமில்லையெண்டல்லோ அறிவிச்சனீங்கள்?" என்றார்.

"சுகமாத்தான் இருக்கிறம் சேர். மாற்றத்தை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நாளைக்கும் வரமாட்டம். வருத்தமெண்டு சொல்லவும் மாட்டம்" என்றான் மூத்தவன்.

நிரந்தரத்துக்குக் காத்திருந்த மற்றவன் முன்னால் வந்து, "ஓம், நானும்தான்" என்றான்.

அடுத்த நாளும் நாங்கள் படிப்பிக்கப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் மாற்றம் நின்றது. ரீச்சர் தன் பாலர் வகுப்பிலேயே இருந்தார்.

இப்போது ஞாயிறுகளில் வாசலில் சைக்கிள் மணி அடித்து என்னைக் கூப்பிடுகிறவன் அந்த மூத்தவன்தான். ஆகவே கூட்ட நேரத்தில் கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கேட்காதீர்கள். வந்த பிறகு போவோம்.