ஊசி விட்ட பலூன்

வானிலை நிலையத்தில் உயரக் காற்றை அளக்கப் பலூன் விடுகிறவருக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே பட்டப்பெயர்தான்: ஊசி. அந்தப் பெயர் பலூனால் வந்ததல்ல, அவர் வாயால் வந்தது. யாராவது ஓர் அதிசயத்தைச் சொல்லத் தொடங்கினால் போதும், குத்தி உடைத்துவிடுவார். மாடியில் காலடிச் சத்தமா? "பகல்ல சூடான தகரம் சாயங்காலம் சுருங்குதுங்க." ஜன்னலில் வெள்ளை உருவமா? "முதல்ல அந்தத் திரையைத் துவைச்சுப் போடுங்க." ஒரு சாவு வீட்டில், இறந்தவரின் சாய்வு நாற்காலி தானாக ஆடுகிறதென்று அழுதவர்களிடம் போய் மின்விசிறியைக் காட்டினார், பாவி மனுஷன்! அன்றைக்கு அவருக்கு ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அப்போதும் அவர், தான் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் கேட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் வாயைக் கட்டிப்போட்டது அவருடைய தங்கை புருஷன் கதை. அவன் லாரிப் பட்டறையில் வெல்டர், நல்ல வேலைக்காரன். ஆனால் வேலை முடிந்தால் கால் நேரே மதுக்கடைக்குத்தான் போகும். தங்கை அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தும் பார்த்தாள். அவன் அசையவில்லை. ஒரு சாயங்காலம் கடை வாசலில் பாட்டிலோடு நின்றவன் தற்செயலாக அண்ணாந்து பார்த்தான். தெரு இருட்டிவிட்டது. உச்சி வானத்தில் மட்டும் ஒரு வெளிச்சம், நகராமல், அவனையே உற்றுப் பார்ப்பதுபோல. சட்டென்று அதைக் காணோம். பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், "மேலேருந்து யாரோ என்னைப் பார்த்துட்டாங்க" என்றான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை.

கேட்டவுடனே ஊசிக்குப் புரிந்துவிட்டது. தரையில் இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் மிச்சமிருக்கும், பலூன் பளபளக்கும், ஊதிப் பெருத்து வெடித்ததும் மறைந்துபோகும். சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. தங்கை அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, அது உன் பலூன்தான். எனக்குத் தெரியாதா? உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், வாயைத் திறந்துடாதே. பிள்ளைங்க இப்பத்தான் அப்பாவைக் கண்டா ஓடி ஒளியாம இருக்குதுங்க."

அவர் மென்று முழுங்கினார். விருந்துகளில் மாப்பிள்ளை அந்த வெளிச்சத்தை வர்ணிக்கும்போதெல்லாம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன, ஊசி மழுங்கிப்போச்சா?" என்று சொந்தக்காரர்கள் சீண்டினால், அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவைப்பார். உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் குலைந்துவிடுமோ என்று பயந்து வாழ்வது அவருக்குப் புதிது. அது அவரை அரித்தது.

ஒருநாள் சாயங்காலம், பலூனுக்கு ஹைட்ரஜன் வாயு நிரப்பும் கொட்டகைக்கு மாப்பிள்ளையே வந்து நின்றான்.

"தீப்பெட்டி இருந்தா வெளியிலேயே வெச்சுட்டு வா மாப்ளே" என்றார் ஊசி, பழக்க தோஷத்தில்.

"ஒண்ணும் இல்லை மச்சான். ஒரு விஷயம் கேட்கணும். மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு நான் பார்த்தது இதுதானே?"

ஊசிக்குத் தங்கையின் கூப்பிய கை கண்முன் வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போன நாக்கு புரளவில்லை.

"ஆமா மாப்ளே, இதுதான்." சொல்லிவிட்டு அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுக்காக நீ மறுபடியும்…"

மாப்பிள்ளை சிரித்தான். "எனக்கு மறுநாளே தெரியும். திரும்ப வருதான்னு தேடிக்கிட்டு இந்த வேலி வரைக்கும் வந்தேன். நீங்க பலூனை விட்டுக்கிட்டிருந்தீங்க."

"அட பாவி! தெரிஞ்சுமா குடிக்காம இருந்தே?"

"பலூன் போயிடுச்சு, நீங்க உள்ளே போகலை. கழுத்தை வளைச்சு, அது கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னீங்க. உங்க தங்கச்சியும் தினம் வாசல்ல அப்படித்தான் நிப்பா, நான் வர்ற வழியைப் பார்த்துக்கிட்டு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது."

"அப்போ இப்ப எதுக்குய்யா கேட்டே?"

"எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க. ஒருத்தராவது என்னை நம்பி உண்மையைச் சொல்லுவீங்களான்னு பார்த்தேன். விருந்துல அந்த வெளிச்சத்தைப் பத்திப் பேசினதும் அதுக்குத்தான்."

வெளிச்சத்துக்கு ஊசியிடம் எப்போதும் காரணம் இருந்தது. எதிரே நிற்கிற ஆளுக்கு அவரால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. பலூனை வெளியே கொண்டுபோய் விட்டார். வழக்கம்போல அண்ணாந்து நின்றார். மாப்பிள்ளை நிற்கவில்லை.

"நீங்க பாருங்க மச்சான், நான் வரேன். அவ வாசல்ல நிப்பா."