மழையில் போன காந்தாரம்

றோசலின் டீச்சருக்கு ஆடத் தெரியாது. அதை அவரே எல்லாரிடமும் சொல்லிவிடுவார். லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அவர் சங்கீதம் படிப்பிக்கத்தான் வந்தார். நடன டீச்சர் மாற்றலாகிப் போனதும், நடனம் எடுத்த ஒன்பது பிள்ளைகளையும் சித்திர வகுப்புக்கு அனுப்பப் பார்த்தார்கள். "ஆடுற காலுக்குப் பென்சில் என்னாத்துக்கு?" என்று டீச்சர் அவர்களையும் தன் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

மைதானத்திலிருந்து மண்டபத்துக்கு எட்டுக் கற்படிகள். கீழ்ப்படியில் ச, அடுத்ததில் ரி, பிறகு க என்று மேல்படி வரை டீச்சர் வெள்ளைப் பெயிண்டால் சுரங்களை எழுதினார். பாடுகிறவர்கள் படிக்கு ஒரு சுரமாகக் காலைத் தட்டி ஏற வேண்டும். ஆடுகிறவர்கள் அதே படிகளில் அடவு போட்டபடி வாய்விட்டுப் பாட வேண்டும். வாய் நின்றால் காலும் நிற்க வேண்டும். டீச்சர் மட்டும் முழங்கால் வலி என்று மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "எனக்கு மேல் ச ஒன்னே போதும்."

அந்தப் படிகளில் நான் பதினொரு வருஷம் ஏறியிருக்கிறேன். அவை எட்டு என்று எண்ணியதே இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதலில் பட்டம் வாங்கியவள் நான். நியமனம் வரும்வரை தொண்டர் ஆசிரியையாக வந்து நின்றபோது, கற்பித்தல் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். "பட்டதாரிப் புள்ள, இந்தப் பெயிண்ட் டின்னப் புடி" என்பதுதான் டீச்சர் தந்த முதல் வேலை.

ஜூன் மழையில் மூன்றாவது படி கழன்று மைதானத்தில் போய் விழுந்தது. படி பாடசாலையுடையது என்றது தோட்டம். நிலம் தோட்டத்துடையது என்றது கல்வி அலுவலகம். பிள்ளைகள் ரி-யிலிருந்து ம-வுக்குத் தாவினார்கள். தாவும்போது வாயில் சுரம் நிற்குமா? க என்கிற காந்தாரம் வரவேண்டிய நேரத்தில் வகுப்பே காற்றில் இருந்தது. இரண்டு மாதத்தில், மண்டபத்தில் சம்மணமிட்டுப் பாடும்போதும் அந்த இடத்தில் தோளை மட்டும் ஒரு தூக்குத் தூக்கிவிட்டு ம-வில் வந்து இறங்கினார்கள்.

அப்போதுதான் அழகியல் பாட ஆலோசகர் சிவசாமி சேர் வந்தார். இரண்டு பாடங்களையும் ஒருவரே இப்படி நடத்தலாமா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். கூடாது என்றால் ஒன்பது பேரும் சித்திரத்துக்குத்தான்.

பிள்ளைகள் பாடி ஆடி ஏறினார்கள். சேர் கீழே நின்று கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் முறை கண்ணைத் திறந்தார்.

"காந்தாரம் எங்கம்மா?"

முன்னால் நின்ற நடனப் பிள்ளை நிலக்ஷி சொன்னாள், "மழையில போயிருச்சு சேர்."

"எப்ப?"

"ஜூன்ல. கல்லு அந்தா கெடக்கு."

சேர் போய்க் கல்லிலிருந்த சேற்றைச் சப்பாத்தால் வழித்தார். க அப்படியே இருந்தது.

"நீங்க பாடிக் காட்டலயா டீச்சர்?"

"காட்டாம என்னா சேர். என் வாய விட அவங்களுக்குப் படி மேலதான் நம்பிக்க."

குழந்தை உளவியல் பற்றி ஒரு நல்ல வாக்கியம் என் வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

சேர் நிலக்ஷியின் கையைப் பிடித்து, படி இருந்த பள்ளத்துச் சேற்றில் ஒரு காலை வைக்கச் சொன்னார். வைத்தாள். காந்தாரம் சுத்தமாக வந்தது. அவர் நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டு போனார். டீச்சர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இரு பாடங்களையும் இணைத்தே நடத்தலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் காந்தாரம் சரிசெய்யப்பட வேண்டும். பாடசாலை அதிபர் கணக்குப் படிப்பித்தவர். என்னைக் கூப்பிட்டு, காந்தாரம் என்றால் என்ன என்று கேட்டார்.

"அரை மூட்டை சீமெந்து, சேர்."

படி வந்தது. ஒரு கிழமையாகியும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் ஏறினார்கள். கடைசியில் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, புதுப் படியில் காலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்கதான். தெரியுதா?"

நிலக்ஷி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலு சரி டீச்சர். வாய் நின்னுருச்சே."