பொங்கல் சாரும் ஆறுமணிக் குருவியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்தமில்லை. இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பறவைகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். இவர் விடியுமுன் ஸ்கூட்டரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்வார், என் தூக்கம் கெடக் கூடாதாம். எனக்குக் கொக்கும் ஒன்றுதான், நாரையும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, ஓரிடத்தில் நிற்காத ஜந்துக்களின் பின்னால் அலைவது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை.

"உங்களுக்கு நான் ஒருத்தி. எனக்குச் சக்களத்தி ஆயிரம்" என்பேன்.

"அதெல்லாம் பங்குனியில ஊருக்குப் போயிடும் டீச்சர். நீதான் போக மாட்டேங்கற" என்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் போகிற இடம் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையை ஒட்டிய ஒரு சின்னக் காப்புக்காடு. காடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, இன்னொரு பக்கம் லாரி ஓயாத ரோடு, நடுவில் முட்புதரும் பழைய கல்குவாரிக் குட்டையும். தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும். கம்பி வேலியை ஒட்டினாற்போல் ஒரு அம்மன் கோயில், அதன் வாசலில் ஒரு புங்க மரம். அவ்வளவுதான். அதற்குப் போய் இந்த மனுஷர் ராத்திரி படுக்கும்போதே, "நாளைக்குச் சீக்கிரம் கெளம்பணும், நாளைக்குப் பனி கம்மியா இருக்கும், நாளைக்கு அது கட்டாயம் வரும்" என்று நாளைக்கு நாளைக்கு என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் தாமதமாகப் போயிருந்தோம். ஒரு கண்ணில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. இன்னொரு கண்ணில் அறுவை செய்தார்கள். போன பார்வை போனதுதான், மிச்சமிருக்கும் வெளிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றார்கள். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நின்றால் நிழலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்கச் சொட்டு மருந்தோடு கட்டிலில் போயிற்று. பைனாகுலர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவர் அழவில்லை, எரிந்து விழவில்லை, சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து போய்விட்டது. நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டால்கூட, "ஏதாவது செய்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வெளியே போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்ததும், மார்கழி தொடங்கியிருந்த ஒரு விடியலில் வம்படியாக அவரை ஆட்டோவில் ஏற்றிக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். கண் இல்லாவிட்டால் என்ன, என் கண் இருக்கிறதே என்று நினைத்தேன். என் கண்ணின் யோக்கியதை அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"ஒரு பருந்து உக்காந்திருக்குங்க. வெள்ளையா, பெருசா."

"திரும்புதா?"

"இல்ல. ஆடாம அசையாம இருக்கு."

"எவ்ளோ நேரமா?"

கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் பார்த்தால், அது முள்ளில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் கவர். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். ஆறுமணிக் குருவி. அது பாக்கற பறவை இல்ல, கேக்கற பறவை" என்றார்.

அதைப் பற்றி எனக்கே தெரியும், அத்தனை வருஷம் காதில் ஓதியிருக்கிறார். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற குருவி. புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு மறைந்தே இருக்கும். காலையில் ஆறு மணி வாக்கிலும், சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் தெருவில் ஒரு பையன் இன்னொரு பையனைக் கூப்பிடுவதுபோல இரண்டே சீட்டி அடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சாயங்காலம் அதற்கு முன்பே காட்டின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், ரோட்டு இரைச்சலும் உச்சத்தில் இருக்கும். காலையை விட்டால் கதியில்லை.

ஆறு நெருங்கியது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கோயில் மைக் செட்டில் அம்மன் பாட்டு முழங்கியது. மார்கழி அல்லவா? வேலிக்கம்பி அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற நான் தும்மினாலே கேட்காது, குருவி எங்கே கேட்கும்? பாட்டு முடிந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார். "இனிமே வேண்டாம் டீச்சர். போதும்."

அந்தப் 'போதும்' காட்டைப் பற்றி மட்டும் சொன்னதல்ல. மார்கழி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்லலாம். அதுவரை இந்த மனுஷர் சுவரைப் பார்த்தே கிடந்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சர்ச்சுக்காரி வந்து கோயில் மைக்கை நிறுத்தச் சொன்னாள் என்று நாளைக்கே தெருவெல்லாம் பேச்சாகும். அதைவிட உறுத்தியது ஒன்று உண்டு. எங்கள் கிறிஸ்துமஸ் கேரல் பார்ட்டி டிரம்மைத் தட்டிக்கொண்டு அதே தெருவில்தான் போகும். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கதவைத் திறந்து கையாட்டுவார்கள். எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் ஆத்திரக்காரிக்கு வெட்கம் ஏது, போய்விட்டேன்.

மைக் செட் போடுகிறவர் புங்க மரத்தடியில் தன் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், சவுண்டு ஜாஸ்தியா கீதா?"

"பாட்டை நிறுத்தச் சொல்லலீங்க. காலையில ஆறு மணிக்கு உள்ள ஒரு குருவி சத்தம் போடும். அந்த ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும்..."

"குருவிக்கோசரம் சாமி பாட்ட நிறுத்தணுமா?" ஒயர் சுற்றுவது நின்றது. "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே?"

"ஆமா."

"அதான் கேட்டேன்."

வீட்டுக்காரருக்குக் கண் போய்விட்டது, இந்தக் காட்டுக்குத்தான் இத்தனை வருஷமாக வந்துகொண்டிருந்தார் என்று மட்டும் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. அவர் ஆட்டோவை விட்டு இறங்கினார்.

"யாரு, கழுத்துல பைனாகுலர் மாட்டிகினு வருவாரே, இதோ இந்த மரத்தாண்ட ஸ்கூட்டர் உடுவாரே, நம்ம பொங்கல் சாரா?"

"பொங்கல் சாரா?"

"மார்கழி பொறந்தா டெய்லி பிரசாதம் வாங்காம போவ மாட்டாரு மேடம். சக்கரைப் பொங்கலு. ரெண்டு தொன்னை."

"ரெண்டா!"

சர்க்கரை வியாதிக்காரர். வீட்டில் நான் சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பனியில் நடந்துவிட்டு வந்தும் ஏன் சுகர் இறங்கவில்லை என்று மார்கழி தோறும் டாக்டரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். பாஸ்டருக்கும் தெரியாமல், பெண்டாட்டிக்கும் தெரியாமல், அம்மன் சந்நிதியில் இந்த மனுஷர் குடித்தனமே நடத்தியிருக்கிறார்!

"அவருக்கா கண்ணு போச்சு?" என்றார் அவர். "அதான் இந்த வருசம் காணமேன்னு பூசாரி கேட்டுகினே இருந்தாரு. வெளியூர் போயிட்டாரோன்னு நெனச்சோம்."

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அறுவைக்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் பழம் கொடுத்தார்கள், ஜெபம் செய்தார்கள், நன்றி. ஆனால் வராமல் போன மனுஷரை இங்கே இவர்கள் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"பாட்ட நிறுத்தறதுலாம் நா ஒருத்தன் சொல்ல முடியாது மேடம். ஊரு கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஒயரைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். சரி என்று வந்துவிட்டேன்.

மறுநாள் இருட்டு விலகுமுன்னே வாசலில் ஆட்டோ சத்தம். கதவைத் திறந்தால், வீட்டை விசாரித்துக்கொண்டு மைக் செட்காரர் வந்து நிற்கிறார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "பொங்கல் சார்! கெளம்பு சார். காட்டுப் பக்கம் குழா ஸ்பீக்கரை கட் பண்ட்டு வந்துகிறேன். நீ வரலன்னா எனக்குத்தான் அசிங்கம்."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "டீச்சருக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"ரெண்டு தொன்னைன்னு தெரியும். சட்டையைப் போடுங்க" என்றேன்.

கோயில் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று காட்டைப் பார்த்து. காட்டைப் பார்த்ததன் ஒயர் அறுந்து தொங்கியது. "அந்தாண்ட யாரு கேக்கறாங்கோ? குருவிங்கதானே. இத்தினி வருசமா எனக்கே தோணல" என்றார் மைக் செட்காரர். ஆறு நெருங்க, தெருப் பக்கத்துப் பாட்டையும் முணுமுணுப்பாகக் குறைத்தார். "எவனாச்சும் கேட்டா ஒயரு லூசுன்னு சொல்லிக்கறேன்."

வேலியோரம் நின்றோம். கோயிலுக்குள் தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது. பூசாரி ஒரு கையில் கற்பூரத் தட்டோடு, இன்னொரு கையில் மணியின் நாக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார். ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணி, ஒரு குருவிக்காக வாய் மூடி நின்றது. சாமி கும்பிட வந்த இரண்டு பெண்களும் விஷயம் தெரிந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு லாரி போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. கர்த்தாவே, அந்தக் குருவி இன்றைக்குத் தூங்கிவிடக் கூடாது என்று கோயில் வாசலில் நின்று ஜெபித்தேன். அம்மனும் கேட்டிருப்பாள்.

இரண்டு சீட்டி.

அவர் கை உயர்ந்தது. "வலது பக்கம். கல்லுக்குப் பின்னாடி இருக்கற புதர். அடியில பாரு டீச்சர், தரையில."

பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு சருகு ஆடியது. "இருக்குங்க! உருண்டையா இருக்கு. வாலே இல்லாத மாதிரி குட்டை வால். தத்தித் தத்திப் போகுது." வேலிக்கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். "ஆனா இருட்டா இருக்கே, கலர் ஒண்ணும் தெரியலைங்க."

"கலர் எனக்குத் தெரியும்" என்றார். "முதுகு பச்சை. றெக்கையில நீலம். கண்ணுல மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு. அடிவயிறு குங்குமம்."

அப்படித்தான் அந்தக் குருவியை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அது இன்னொரு முறை கூப்பிட்டது. பூசாரி மணியின் நாக்கை விட்டார். என் காதுக்கு அன்றைக்கு அந்த மணியும் இனித்தது. எல்லோருக்கும் கும்பிடு போட வேண்டும்போல இருந்தது. போட்டேன்.

தீபாராதனை முடிந்து பூசாரி பழக்க தோஷத்தில் இரண்டு தொன்னைகளை நீட்டினார். நான் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒண்ணுதான்" என்றேன்.

அவர் விரலால் தொன்னையின் அடியை வழித்து நக்கிவிட்டுச் சொன்னார். "சரி டீச்சர். இன்னொண்ணு நாளைக்கு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.