பச்சை ஒயர்

பேஸ் கிடாரின் கழுத்தைப் பிடித்துச் சுழற்றினால் ஒரு ஆளின் முன்பல் இரண்டைக் கழற்றிவிடலாம். நாமக்கல் பக்கம் ஒரு கல்யாண மேடையில் இதைத் தெரிந்துகொண்டேன். பல்லைப் பறிகொடுத்தவர் எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர். "இனிமே பேஸை நானே கீபோர்டுல இடது கையில வாசிச்சுக்கறேன், நீ மலைக்கே போயி மரவள்ளி புடுங்கு" என்று மைக்கை அணைக்காமல் சொன்னார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் வரை சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு இன்றைக்கும் முழு மனதாக வருத்தப்படவில்லை. குழுவிலிருந்து என்னை வெளியே தள்ளினார்கள். தள்ளுவதற்கு முன்னால் டிரம்ஸ்காரரும் பாடகர்கள் இரண்டு பேரும் முறை வைத்து மிதித்தார்கள். வலது காது மூன்று நாள் கேட்கவில்லை.

அது தொண்ணூற்றேழு. கொல்லிமலைக்குத் திரும்பி வந்து, சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கும் இடத்தில், மிளகு வாங்குகிற கடையை ஒட்டி ஒரு அறை பிடித்தேன். கீபோர்டு வந்த பிறகு கீழே ஊர் ஊராகப் பேஸ்காரர்கள் கிடாரையும், அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மலையிலோ இளவட்டங்கள் அப்போதுதான் குழு சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். சேலத்தில் வாங்கி, பஸ் மேலே ஏற்றி, எழுபது வளைவும் தாண்டிக் கொண்டுவந்து, பழுது பார்த்து விற்பது என் பிழைப்பு. வாங்குகிற இடத்தில் சண்டை, ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றும்போது கண்டக்டரோடு சண்டை, விற்ற பிறகு வாங்கியவனோடு சண்டை. எனக்கும் அது பிடித்திருந்தது. சண்டை இல்லாத நாளில் ராத்திரி தூக்கம் வராது.

கோபம் ஏறாமல் நான் செய்த காரியம் பழுது பார்ப்பது ஒன்றுதான். மலை ஈரத்துக்குக் கிடாரின் கழுத்து வளைந்துவிடும். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கால் சுற்றுத் திருகிவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முழுச் சுற்றுத் திருகினால் மரம் பிளந்துகொள்ளும். பழைய கம்பிகளைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் கொதிக்க வைத்தால் பிசுக்கு விட்டு மறுபடியும் கணீரென்று பேசும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்வேன். பொறுமை இழந்தது ஒரே ஒரு விஷயத்தில்.

ஆம்பைப் போட்டதும் 'உம்'மென்று ஒரு இரைச்சல் வரும். வாங்க வருகிறவன் எதைக் கேட்கிறானோ இல்லையோ, "ஏனுங்க, இது என்னுங்க உறுமுது?" என்று கேட்டுவிடுவான். பிளக்கின் பெரிய முள்ளுக்குப் போகிற ஒயர் பச்சை நிறம். பெட்டிக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், அதை ஆள்மேல் ஏறவிடாமல் மண்ணுக்குள் இழுத்துப் போவது அந்த ஒயர்தான். இரைச்சலும் பல சமயம் அதன் வழியாகத்தான் வரும். குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, நல்ல எர்த் போட்டால் சரியாகிவிடும். யார் தோண்டுவது? நான் கட்டரை எடுத்துப் பச்சை ஒயரைக் கத்தரித்துவிடுவேன். இரைச்சல் போய்விடும். வந்தவன் முகம் மலர்ந்துவிடும். சேலத்துக் கடைகளிலும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். பதினொரு ஆம்ப் விற்றேன், பதினொன்றிலும் பச்சை ஒயரை விட்டுவைக்கவில்லை.

அதில் ஒன்று என் தங்கச்சி மாப்பிள்ளையிடம் இருந்தது. மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; நாங்கள் ஆலத்தூர் நாடு, அவளைக் கொடுத்தது குண்டனி நாட்டில். மாப்பிள்ளை மிளகும் சாமையும் போடுகிற விவசாயி. பேஸ் என்னைவிட நன்றாக வாசிப்பார். அதுவே எனக்குப் பொறுக்காது. குடித்துவிட்டுத் தங்கச்சியை அடிப்பார். அது சுத்தமாகப் பொறுக்காது. இரண்டு முறை அவர் ஊருக்கே போய் அவரை வாசலில் போட்டு அடித்திருக்கிறேன். இரண்டு முறையும் அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "மச்சான், கம்பியத் தொட்டா சுருக்குங்குது."

டெஸ்டரை வைத்தேன். கிடார் கம்பியில் பல்பு எரிந்தது. "உள்ள கரண்ட் கசியுதுங்க மாப்பிள்ளை. பிரிச்சுப் பாக்க ரெண்டு நாள் ஆவும்."

"நாளைக்குக் கச்சேரி இருக்குதே?"

"அப்ப ரப்பர் செருப்புப் போட்டுட்டு வாசிங்க. ஒண்ணும் பண்ணாது."

தொழிலில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அவரும் சோளக்காட்டிலேயே புதுச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு போனார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆம்பைப் பழுதுக்குக் கொண்டுவரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி பிறந்ததும் சந்தை நாளில் அடுத்த சண்டை வந்தது. விற்கக் கூடாது என்று நான் எனக்கென்று வைத்திருந்த கறுப்பு பேஸ் ஒன்றை ஒரு கல்யாணத்துக்காக இரவல் வாங்கிப் போயிருந்தார். கோணிச்சாக்கில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். பிரித்தால் கழுத்து இரண்டாக முறிந்திருந்தது. மேடையில் எவனோ கேலி செய்தானாம், தோள்பட்டையில் ஒன்று போட்டாராம். "நீங்க பல்லு, நான் தோளு. நம்ம குடும்பத்து வழக்கந்தானுங்களே மச்சான்" என்று சிரித்தார்.

ஓங்கி அறைந்தேன். அவர் என் வயிற்றில் உதைத்தார். பலாப்பழமும் வாழைத்தாரும் அடுக்கியிருந்த இடத்தில் உருண்டோம். நான் அவர் தலைமுடியைப் பிடித்து மிளகு மூட்டையில் மோதினேன். அவர் என் தோளைக் கடித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய தங்கச்சி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து நடுவில் விழுந்தாள். மாப்பிள்ளை புறங்கையால் அவள் வாயில் ஒன்று வைத்தார். கீழுதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முறிந்த கிடாரில் தொங்கிய கம்பியை இழுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன். எட்டுப் பேர் சேர்ந்து பிரித்தார்கள். பிரித்த பிறகும் சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "இந்தக் கம்பியிலயேதான்டா உன் உசுரு போவும்! பாத்துக்க!"

எட்டாம் நாள் அவர்கள் ஊரில் அம்மன் நோன்பு. மைக் செட் என்னுடையது, சண்டைக்கு முன்பே வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொண்டிருந்தேன். கச்சேரி மாப்பிள்ளையின் குழு. அந்தக் கோயிலில் மேடை போட மாட்டார்கள், அம்மனுக்கு மேலே மனிதன் கால் ஏறக் கூடாது. கோயிலைச் சுற்றி வரிசையாகக் கல் நட்டிருக்கும், அந்தக் கல்லைத் தாண்டிச் செருப்பும் போகக் கூடாது. ஊர்க்கவுண்டரே வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்.

மத்தியானம் வரை மழை அடித்து ஓய்ந்திருந்தது. தரை சொதசொதவென்று கிடந்தது. மைக் செட்டுக்கு ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் எடுத்தேன்; மைக் ஸ்டாண்டும் அந்த எர்த்தோடு சேர்ந்ததுதான். தென்னந்தட்டிக்குப் பின்னால் சுவிட்ச் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கல் வரிசைக்கு வந்தார். குனிந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிமிரும்போது என்னைப் பார்த்தார். பேச்சு வார்த்தை இல்லாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள் என்று சொன்னால் போதும். அந்த ஆம்ப் எந்த நிலையில் இருக்கிறது, ஈர மண்ணில் வெறுங்காலோடு அதை வாசித்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்தவன் நான் ஒருவன். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அப்போது தங்கச்சி கூட்டத்தில் வந்து நின்றாள். உதடு இன்னும் வீங்கிக் கறுத்திருந்தது. நான் சொல்லவில்லை.

சுருக்கென்று இழுத்த கையை உதறிக்கொண்டே முதல் பாட்டைப் பாதி வரை வாசித்தார். மைக் சாய்ந்ததை நிமிர்த்த, இடது கை கிடார் கம்பிகளில் இருக்கவே, வலது கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்தார். அப்படியே ஒட்டிக்கொண்டார். உடம்பு வில்லாக வளைந்து உதறியது. கண் மேலே செருகியது. ஸ்பீக்கர் அலறியது.

"சாமி வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர்கள் ஓடி வந்து அவரைச் சுற்றி அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் துள்ளத் துள்ள அடி ஏறியது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பூசாரி அவர் தலையில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆம்பின் பிளக் என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்றேன், அவ்வளவுதான். பயத்தில் கை வரவில்லை என்று போலீசுக்குச் சொல்லலாம், எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது. துள்ளுகிற அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

தட்டியைப் பிய்த்துக்கொண்டு தங்கச்சி வந்தாள். அவர் கம்பியைத் தொட்டுச் சுருக்கென்று கையை இழுப்பதை எத்தனையோ முறை வீட்டில் பார்த்தவள், அவளுக்குச் சாமி என்று தோன்றவில்லை. என் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். ஒயரை இரண்டு கையாலும் பிடித்துப் போர்டோடு பிடுங்கி எறிந்தாள். எல்லாச் சத்தமும் நின்றது. குடம் அவர் தலைக்கு மேலே வந்திருந்தது. அவர் மரம் போல விழுந்தார்.

மூச்சு இல்லை என்றார்கள். நெஞ்சில் குத்தினார்கள், வாயில் ஊதினார்கள். ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள், தங்கச்சியும் ஏறிக்கொண்டாள். ஜீப் போன பிறகுதான் மாப்பிள்ளையின் அண்ணனுக்குச் சந்தையில் நான் கத்தியது ஞாபகம் வந்தது. "சொல்லி வெச்சே செஞ்சுட்டான்டா!"

பலாமரத்தில் கட்டினார்கள். மைக் ஸ்டாண்டுக் குழாயால் அண்ணன் முதலில் அடித்தார். விலா ஒன்று முறிந்தது எனக்கே கேட்டது. பிறகு யார் யாரோ அடித்தார்கள். கல்லைத் தூக்கி வந்த ஒருவனைப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். என் ஸ்பீக்கர்களைக் கடப்பாரையால் குத்திக் கிழித்தார்கள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக நான் யாரையும் திட்டவில்லை. சாவது என்றால் இதுதான் போல என்று நினைத்தேன், பயமாக இருந்தது.

பொழுது சாய ஜீப் திரும்பி வந்தது. தங்கச்சி இறங்கினாள். "உசுரு இருக்குது" என்றாள். கூட்டம் விலகியது. மரத்தில் கட்டியிருந்த என்னைப் பார்த்தாள், பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணனை எதுக்குங்க கட்டி வெச்சிருக்கீங்க? சாமி வந்திருச்சுன்னு நீங்கல்லாம் கும்புட்டுட்டு நின்னப்ப, எங்கண்ணன்தானுங்க பிளக்கைப் புடுங்கி அவரைக் காப்பாத்துச்சு. நான் பக்கத்துல நின்னு கண்ணால பாத்தனுங்க."

தட்டிக்குப் பின்னால் நடந்ததை வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. கட்டை அவிழ்த்தார்கள். என் விலாவை முறித்த அண்ணன் "தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்று காலில் விழுந்து அழுதார். ஊர்க்கவுண்டர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து என் தலையில் கட்டி, அம்மன் முன்னால் கூட்டிப்போய்த் திருநீறு பூசினார். நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை.

விலா கூடியதும் மற்றப் பத்து ஆம்புக்கும் வீடு வீடாகப் போய்ப் பச்சை ஒயரைக் கட்டினேன். இரைச்சல் வருகிறதென்று இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். திருப்பி அடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையும் தங்கச்சியும் கடைக்கு வந்தார்கள். அவர் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்திருந்தார். இடது உள்ளங்கையில் நான்கு கம்பியும் சுட்ட தடம் கறுப்பாக இருந்தது, விரல்கள் மடங்கவில்லை. பேஸையும் ஆம்பையும் என்னையே விற்றுவிடச் சொன்னார். "எனக்கு இனி நீங்கதான் மச்சான் குலசாமி. நாம அத்தனை அடிச்சுக்கிட்டும் நீங்க என்னைய சாக உட்டரலீங்களே" என்று மடங்காத அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். குடியை விட்டுவிட்டேன் என்றும் சொன்னார்.

அவர் டீ குடிக்கப் போனார். தங்கச்சி கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்கண்ணு அன்னைக்கு அப்படிச் சொன்னே?"

"பின்ன, அவரு பொழைப்பாரான்னே தெரியாத நேரத்துல, ஒரே நாள்ல ரெண்டு பேத்தையும் எழவு குடுக்கச் சொல்றீங்களா?"

பஸ் வந்துவிட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவரு என்னைய அடிக்கறவரு, அது எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. நீங்க ஆருன்னு அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளைதான் ஜன்னல் வழியாக அந்த விறைத்த கையை நீட்டி, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் எனக்கு ஆட்டிக்கொண்டே போனார்.