லூர்து மேரி தைத்த கூரை

தைத்து முடித்த குடையை விரித்து, அதற்குள் தலையை விட்டுச் சூரியனைப் பார்க்கிறார் லூர்து மேரி. ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் போயிற்று. தையல் அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். கம்பம் சந்தைக்குள் நுழையும் இடத்தில், புளியமரத்தடியில் விரித்த ஒரு சாக்குதான் அவருடைய கடை.

ஐம்பது வயதிருக்கும். குடையை அவர் குடை என்று சொல்வதில்லை, உடையவரைத்தான் சொல்வார். “கர்ணத்துக்கு மூணு கம்பி ஒடிஞ்சிருக்கு.” “வாத்தியாருக்குக் கழுத்து நிக்கல.” நான் இங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஒருநாள் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, “கம்பவுண்டருக்கு உச்சந்தலையில ஓட்டை! சாயங்காலம் வந்து வாங்கிக்கிருங்க” என்று கூவினார். ஊரே என் தலையைப் பார்த்தது.

போன ஐப்பசியில் ராக்கையா தன் பழைய லாரியைக் கொண்டுவந்து அந்த மரத்தடியில் நிறுத்தினார். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போவார். திரும்பும்போது குளிர்காய்ச்சல் கண்டவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து இறக்கிவருவார். இருக்கைக்கு மேலிருந்த தகரம் துருவேறி, விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கியது. முந்தின வாரம் காய்ச்சலோடு வந்த ஒருத்தி வழிநெடுக நனைந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். அதிலிருந்து ராக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“தகரம் எங்கனயும் கெடைக்கலக்கா. எல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சுங்கிறாக. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்.”

லூர்து மேரி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ராக்கையாவுக்குத் தலையே போச்சே” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

துருப்பிடித்த தகரத்தைப் பெயர்த்து எறிந்தார்கள். அடியிலிருந்த மரச்சட்டம் திடமாகவே இருந்தது. கிடைத்த இரண்டு துண்டுக் கித்தான் துணியை லூர்து மேரி இரட்டைத் தையலால் இணைத்துச் சட்டத்தின் மேல் இழுத்து ஆணியடித்தார். ஆமணக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி மூன்று முறை பூசினார். இரண்டு நாள் வெயிலில் காயவேண்டும் என்றார். ஒரு நாள்தான் கிடைத்தது. மறுநாள் காலை, தோட்டத்தில் இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்துவிட்டது. மலைமேல் ஒரே கருமேகம்.

ராக்கையா கூரையைத் தடவிப் பார்த்தார். “காத்து பிச்சு எறிஞ்சிராதேக்கா?”

“நானும் வந்து உள்ள உக்காந்துக்கிறேன். பிஞ்சா என் தலையிலதான விழுகும்? வண்டிய எடுப்பா.”

இத்தனை காலம் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே குடை தைத்தவர், மலையேறியது அன்றுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில் லாரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. குடையோடு ஓடிக் கதவைத் திறந்தேன். கூரை இருந்தது.

“காத்துக்கு அசையலய்யா” என்றார் ராக்கையா. “ஒரே ஒரு தையல்தான் விட்டுருச்சு. குமுளி தாண்டுனதுலருந்து இந்தக்கா இப்படியேதான் உக்காந்திருக்காக.”

அப்புறம் பத்து நாளில் எழுந்து நடந்துபோன அந்தப் பெண் அய்யம்மாள், அன்று நினைவில்லாமல் லூர்து மேரியின் தோளில் சாய்ந்து கிடந்தாள். நெற்றி கொதித்தது. தலைமுடி காய்ந்திருந்தது. அவள் உச்சிக்கு நேர்மேலே, விட்டுப்போன தையலை லூர்து மேரியின் உள்ளங்கை அழுத்திப் பிடித்திருந்தது. தண்ணீர் அவர் முழங்கை வழியாக இறங்கி, இடுப்புச் சேலைவரை நனைத்திருந்தது. வாயாடியான லூர்து மேரி என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவசரத்துல போட்ட தையல்யா. என் தப்புத்தான்.”

“அது கெடக்கட்டும். மொதல்ல எறங்குங்க.”

“அந்தப் புள்ளய எறக்குங்க முதல்ல.”

அய்யம்மாளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். அய்யம்மாள் இருந்த காலி இடத்துக்கு மேல், லூர்து மேரியின் கை இன்னும் கூரையை அழுத்திப் பிடித்திருந்தது.