இடது கண் பாக்கி

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கும் பட்டறை அது. மேலே வீடு, கீழே வேலை. அரைக்கும் மெஷினை ஒரு கம்ப்யூட்டர் ஓட்டியது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அந்த வீட்டு மூத்த மருமகள். புருஷன் இருந்தவரை அவள் வாசல் மேசையோடு சரி. ஒரு பிற்பகல் அவன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்து போனான். அதன் பிறகு அதில் உட்காரத் துணிந்தவள் அவள்தான். கொழுந்தன் வாசல் மேசைக்கு மாறிக்கொண்டான். அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டான்.

புருஷன் ஜாக்கிரதைக்காரன். "மேகம் கட்டுறதுக்கு முன்னாடியே குடையை விரிக்கிற ஆளு" என்று தம்பி கிண்டலடிப்பான். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் தினமும் மத்தியானம் அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவைக்க ஒரு பேக்கப் மென்பொருள் போட்டிருந்தான். என்றைக்காவது கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்தால் அந்த நகலிலிருந்து மீட்கவும் வழி இருந்தது. பொத்தானைத் தட்டியதும், மற்ற எதுவும் வருவதற்கு முன்னால், கறுப்புத் திரையில் ஒரு வரி சற்று நேரம் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மீட்பு தொடங்கும். கம்பெனி கொடுத்திருந்த வாசகத்தை அழித்துவிட்டு அவனே அங்கே எழுதிவைத்திருந்தான்: 'பயப்படாதே, இங்கே அழுத்து.' எழுதியது அவளுக்காக. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றாலே அவளுக்குக் கை உதறும்.

அவன் போன பிறகும் காலைதோறும் அந்த வரி வந்தது. முதல் சில மாதம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அது வந்து மறையும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்கப் பழகினாள். ஒருநாள் யாருமில்லை என்று நினைத்து, "சரி, பயப்படலை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். வாசலில் கொழுந்தன் ஃபைலைப் புரட்டுவது சட்டென்று நின்றது.

அந்த மென்பொருள் புதுப்பதிப்பு வந்திருக்கிறது, போடு போடு என்று வெகுநாளாக நச்சரித்தது. அவளும் பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே வந்து, ஒரு சனிக்கிழமை போட்டுத் தொலைத்தாள். திங்கள்கிழமை காலையில் பொத்தானைத் தட்டினாள். கறுப்புத் திரை வந்தது. அவள் மூச்சை அடக்கினாள். வரி வரவில்லை. நேராக வேலைத் திரை வந்து நின்றது.

மறுபடி அணைத்துப் போட்டாள். இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

"என்ன அண்ணி, திறக்கலையா?" கொழுந்தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்.

"திறக்குது தம்பி. அந்த வரியைக் காணோம்."

எந்த வரி என்று அவன் கேட்கவில்லை. "வேலை ஓடுதுல்ல, விடுங்களேன்" என்றான்.

விடவில்லை. அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பழைய பதிப்பைக் கழற்றும்போதே தொடக்க வரியும் சேர்ந்து போயிருந்தது. புதியதில் அந்த வசதியின் கட்டம் டிக் இல்லாமல் காலியாகக் கிடந்தது. டிக் செய்தாள். வரவில்லை. இதே கோளாறில் மாட்டிக்கொண்டவர்கள் இணையத்தில் புலம்பியதைத் தேடிப் படித்ததும் விஷயம் பிடிபட்டது: மீட்புக்கான கோப்புகளைப் புதிதாக உருவாக்கிய பிறகுதான் டிக் செய்ய வேண்டுமாம். முதலில் மாவு, பிறகுதானே அடுப்பு. அப்படியே செய்தாள்.

வரி வந்தது. 'கணினி மீட்பு' என்று கம்பெனியின் வாசகம், ஆஸ்பத்திரிப் பலகை மாதிரி வறட்டென்று.

பழைய வாசகத்தை அவளே அங்கே எழுதலாம். மாற்றும் இடத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். விரல் எழுத்துகளின் மேல் நின்றது, நகரவில்லை. அவள் எழுதினால் அது அவள் சொல்வதாகத்தானே ஆகும்?

"வரி இருந்தா மட்டும் போதாது தம்பி, வேலை செய்யுதான்னு பார்க்கணும்" என்றாள். அலமாரியிலிருந்த உபரி டிஸ்க்கை எடுத்து, ஓடும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதை மாட்டினாள். மீட்புக் கோப்புகளைப் போட்டுவைத்த பென் டிரைவைச் செருகித் தட்டினாள். நகல்களின் பட்டியல் விரிந்தது. சனிக்கிழமை எடுத்தது மேலே இருந்தது. கை தானாகக் கீழே கீழே இறங்கி, அடியில் அவள் இன்றுவரை அழிக்க விடாத ஒரே பழைய நகலில் போய் நின்றது. அவன் போன அன்று மத்தியானம் எடுத்தது.

"சனிக்கிழமை எடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமே அண்ணி?"

"எதுவா இருந்தா என்ன."

மீட்பு முடிந்து கம்ப்யூட்டர் திறந்தது. அவன் வைத்திருந்த படம். அவன் இழுத்து ஓரமாக ஒதுக்கியிருந்த சின்னங்கள். கடிகாரம் மட்டும்தான் இன்றையது. அரைக்கும் நிரல் தானாக எழுந்து, பாதியில் நின்ற வேலை ஒன்றைக் காட்டியது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடி. வலது கண் முடிந்தது. இடது கண் பாக்கி. தொடரலாமா?

அந்த வாடிக்கையாளர் எப்போதோ வேறு கடைக்குப் போயிருப்பார். ஆனாலும் எழுந்து, அரைக்காத லென்ஸ் ஒன்றை எடுத்து மெஷினில் பொருத்திவிட்டு, 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அவள் எப்போதும் வேகமாக ஓட்டுவாள், அவன் மெதுவாக. அதையும் அந்த நகல் மறக்கவில்லை. மெஷின் அடித்தொண்டையில், இழுத்து இழுத்து, நடுவில் ஒரு விக்கலோடு முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

கொழுந்தன் ஓடிவந்து அறை வாசலில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அண்ணி..." என்றான்.

அப்போது மேலே மாடிப்படியின் கதவு திறந்தது. புருஷனைப் பெற்ற அத்தையின் குரல் இறங்கி வந்தது, அவசரமில்லாமல், அன்றாடம் கூப்பிடுகிற குரலாக.

"போதும்டா பெரியவனே. சோறு ஆறுது, மேல வா."

இருவரும் அசையவில்லை. மெஷின் விக்கி, மறுபடி தொடர்ந்தது. அவள் நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். கண்ணில் படவே இல்லை. பழைய பயம் வந்துவிட்டது. படியில் காலடி பாதி இறங்கி நின்றது; அத்தை இன்னும் அங்கேதான் நிற்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

கொழுந்தன் கால் வைக்காத அறைக்குள் கால் வைத்து, படிப்பக்கம் முகத்தைத் தூக்கி, "இதோ வரேம்மா" என்றான். அண்ணனுடைய குரலுக்கும் அவன் குரலுக்கும் போனில் வித்தியாசமே தெரியாது என்பார்கள்.

கதவு சாத்திக்கொண்டது.

லென்ஸ் முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். முடிந்ததும் அவள் எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கீறல் கிடையாது. "யாரோடது?" என்றான். "இனிமே யாரோடதும் இல்லை" என்று சொல்லி டிஸ்க்கைக் கழற்றினாள்.

சாப்பாட்டில் மோர் ஊற்றும்போது அத்தை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின்ல நீதானே இருந்தே?"

"ஆமா அத்தை."

"தெரியும். படியில பாதி இறங்கினப்பவே தெரிஞ்சுது." அத்தை கையை விடவில்லை. "நல்லாத்தான் ஓட்டுனே. ஆனா இனிமே உன் வேகத்துலயே ஓட்டும்மா. அவன் வேகம் வேண்டாம்."

கொழுந்தன் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தான். அன்று பிற்பகலிலிருந்து அவன் அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டான்.