ஏறுகிற வண்டிக்கு வழி

நெதர்லாந்தில் மேடு கிடையாது. அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. போன வருடம் குளிர் முடிகிற சமயத்தில் ஒரு காலை, கால்வாய்க்கரை சைக்கிள் பாதையில் அந்தக் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் மணிச்சத்தம் கேட்டு ஒதுங்கினேன். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, முதுகு வளையாமல், சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கிற தோரணையில் என்னைக் கடந்து போனார். போகிற போக்கில் "டேஹன்விண்ட்" என்று ஏதோ சொல்லிச் சிரித்தார். வழியை மறித்ததற்குத் திட்டுகிறார் என்று நினைத்து "சாரி, சாரி" என்றேன். எதிர்காற்று அப்படித்தான் என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார் என்பது அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. நான் சாரி சொல்லி முடிப்பதற்குள் அவர் காற்றாலைகளின் பக்கம் ஒரு புள்ளியாகிவிட்டிருந்தார். அவருடைய பின்சக்கரத்தின் நடுவில் சட்டி மாதிரி ஒரு மோட்டார் இருந்ததை மட்டும் பார்த்துவைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. யோசனை என்பது கௌரவத்துக்குச் சொல்வது. வந்தது பொறாமை.

சைக்கிளை மின்சார வண்டியாக மாற்றுகிற சாமான்கள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்திய சக்கரத்தை மாட்டி, சட்டத்தில் பேட்டரியைக் கட்டி, ஒயர்களை இழுத்துவிட்டால் முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரக்கொட்டகையில் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கடையில் முழு வண்டியே விற்கிறார்களே" என்றார். தெரியும் என்றேன். பிறகு எதற்கு என்பதுபோல் நின்றார். கையால் செய்தால்தான் மனசு ஆறும் என்பதை எனக்குத் தெரிந்த டச்சில் சொல்ல முயன்றேன். என்ன புரிந்ததோ, எனக்குக் கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து மறுநாள் களிம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

எதிர்காற்றில் நான் சீறிக்கொண்டு போகிற வீடியோவை 'எங்க ஊடு' என்ற எங்கள் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். அப்பா கைதட்டல் போட்டார். அத்தைகள் பூப்போட்டார்கள். தங்கச்சி ஷீபா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மேட்டுல ஏறுமாண்ணா?" பாலம் தவிர வேறெந்த மேட்டிலும் ஏறிப் பார்க்காத நான், "தாராளமா ஏறும்" என்று பதில் போட்டேன்.

நீலகிரியில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்கள் கீழ் கோத்தகிரியில் சைக்கிள் ஒரு வாகனமே கிடையாது. பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்கு இருந்தது, அவ்வளவுதான். மைதானத்தின் கேட்டைத் தாண்டினால் ஒன்று உருட்டிக்கொண்டு ஏற வேண்டும், இல்லை பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். நானே கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த பிறகுதான் ஒழுங்காக ஓட்டப் பழகினேன். ஷீபா கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே படியில் ஆள் தொங்கும். சில நாள் நிற்காமலே போய்விடும். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "நீங்க சைக்கிள் உடுவீங்க, நான் மட்டும் ஸ்கூட்டர் உடோணுமாக்கும்" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மாறாக, கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது உனக்கும் ஒரு மோட்டார் சக்கரம் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதை மட்டும் கோயம்புத்தூரில் வாங்கி வை என்று உத்தரவும் போட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எதையும் கழற்றி மாட்டுகிற ஆள் நான்தான். மிக்சியானாலும் சரி, மோட்டார் பம்பானாலும் சரி, நான் கீழே உட்காருவேன், எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்த அப்பா சட்டைகூட மாற்றாமல் டார்ச் பிடிப்பார். ஷீபா கதவருகில் நின்று, "கரண்ட் அடிச்சா நான் தொட மாட்டேன்" என்று பயமுறுத்துவாள். கடல் தாண்டி வந்தாலும் அந்த இடம் எனக்காகக் காலியாகவே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் துணிகளுக்கு நடுவே சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு, அவள் பள்ளிக்கு லீவு விடுவதற்கு முன்பே போய் இறங்கினேன். வீட்டுப் பக்கவாட்டில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. ஷீபா தரையில் உட்கார்ந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா கண்ணு" என்றார். டார்ச் வெளிச்சம் அசையவில்லை.

அவள் முன்பே செய்து முடித்திருந்தாள். அதுவும் நான் சொன்ன மாதிரி இல்லை. மோட்டார் சக்கரத்தில் இல்லை, பெடலின் அச்சில் இருந்தது. செயின் வழியாகவே இழுக்கும். கியர் மாற்றினால் மோட்டாருக்கும் பாரம் குறையும். "சக்கரத்துல வெச்சா மேட்டுல திணறும்னு நெனைச்சேன். அதான் கோயம்புத்தூர்ல சொல்லி இதை வரவழைச்சேன்" என்றாள். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். மோட்டாருக்கு முன்னால் அதைத்தான் மாட்டினாளாம். "ஏறுறதுக்கு மோட்டார் இருக்குது. எறங்குறதுக்கு யாருங்ண்ணா இருக்கா?"

"நான்தான் கொண்டாறேன்னு சொன்னேன்ல. இருந்து பாத்துச் செய்யறதுக்கு என்ன?"

"பஸ்ஸு யாருக்குங்ண்ணா காத்துட்டு இருக்குது? ஒரு மாசமா இதுலதான் போய்ட்டு வாறேன்."

ஒரு மாதமாக. குடும்ப வாட்ஸப்பில் ஒரு வரி இல்லை. கேட்டால், உனக்கு நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தோம் என்கிறார் அப்பா. அந்த 'தோம்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கல்லூரிக் காலத்து என் கியர் சைக்கிள் பரணில் கிடந்தது. மறுநாள் பகல் முழுக்க அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். அவளுடைய மாற்று பேட்டரியைக் கட்டி, என் சக்கரத்தை மாட்டினேன். டார்ச் பிடிக்க ஆளைக் கூப்பிடவில்லை, நல்ல வெயில். "நாளைக்கு நானும் ஸ்கூல் வரைக்கும் வாறேன்" என்றேன். ஷீபா என் முன்சக்கரத்தைப் பார்த்தாள். "மெதுவா வாங்ண்ணா" என்றாள். அதைப் பந்தயத்துக்கு அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

தேயிலைக்கு மேல் மூட்டம் கலையாத காலை. முதல் இறக்கமும் சமதளமும் என்னுடையவை. நான் முன்னால் பறந்தேன். திரும்பிப் பார்த்துக் கையும் காட்டினேன். பிறகு மேடு தொடங்கியது. காற்றோடு மோதுவதும் மேடு ஏறுவதும் ஒன்றில்லை. எதிர்காற்றிலும் சக்கரம் வேகமாகத்தான் சுற்றும். மேட்டில் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூட்டை உள்ளேயே விழுங்கும். இது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். கால்வாய்க்கரையில் கிடந்து கிடந்து மேட்டையே மறந்துபோயிருந்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகியது. மூன்றாவதற்குள் மின்சாரம் தானாக அறுந்தது. இறங்கித் தள்ளத் தொடங்கியபோது ஷீபா என்னைத் தாண்டிப் போனாள். ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் மூச்சுகூட வாங்கவில்லை.

அடுத்த வளைவில் மேலேயிருந்து ஒரு தேயிலைக் கொழுந்து லாரி இறங்கி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். எங்கள் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். ஆனால் ஒரு சைக்கிளுக்காக லாரி நின்று நான் பார்த்ததில்லை. லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வாங்க டீச்சர், வாங்க" என்றார். அவள் தலையசைத்துவிட்டு ஏறிப் போனாள், பஸ்காரன் போகிற மாதிரி. லாரி கிளம்பி என்னருகில் வந்தபோது நான் பள்ளத்தோரமாக ஒதுங்கி நின்றேன். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "பஞ்சருங்களா தம்பி?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

அந்தப் பொறாமையைப் போல ஒன்றை நான் அதற்கு முன் பட்டதில்லை. வீட்டில் என் இடத்தை எடுத்துக்கொண்டாள், சரி. ஊரே அவளுக்கு ஒரு புது இடத்தை உண்டாக்கிக் கொடுத்திருந்தது. நான் பிறந்த ஊர் ரோட்டில் அவள் ஏறுகிற வண்டி. நான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிற ஆள்.

மேலே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் காத்திருந்தாள். என் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "தோசை ஊத்தலாம்ணா."

"பேசாம நட புள்ள."

சூடு ஆறியதும் சமதளத்தில் ஓட்டியும், மேட்டில் தள்ளியும், ஒருவழியாகப் பள்ளி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் யாரென்று விசாரித்துக்கொண்ட வாட்ச்மேன் அவளுடைய சைக்கிளைக் காட்டி, "ஏனுங் டீச்சர், இது அண்ணன் ஃபாரின்ல இருந்து கொண்டாந்து குடுத்ததுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லைங்க. அண்ணன் கொண்டாந்தது அது" என்று என் சைக்கிளைக் காட்டினாள். "அது ஏறாது. இது நானே பண்ணுனது."

நெதர்லாந்துக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு புதுச் சங்கடம் சேர்ந்துகொண்டது. அலுவலகப் பாதையில் கால்வாய் மீது வளைந்த ஒரு பாலம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கே அதுதான் மலை. ஒரு நாள் நான் அதில் இறங்கிக்கொண்டிருந்தபோது, சைக்கிளின் முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை வைத்து ஒருவர் மிதித்து ஏறி வந்தார். என் கால் தானாகத் தரையில் ஊன்றியது, ஓரங்கட்டி நின்றேன். அவரும் நின்றுவிட்டார். "ஆலஸ் ஹூட்?" என்றார், எல்லாம் நலமா என்று. பையிலிருந்து ஸ்பேனரை வேறு எடுத்தார். நீங்கள் மேடு ஏறுகிறீர்கள், அதனால் நின்றேன் என்றேன். அவர் திரும்பி, எந்த மேடு என்று தான் வந்த வழியைப் பார்த்தார்.

இப்போது கொட்டகையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். சக்கர மோட்டாரைக் கழற்றியாகிவிட்டது. பெடல் அச்சில் வேறொரு மோட்டார் ஏறிக்கொண்டிருக்கிறது. மேடே இல்லாத நாட்டில் இது எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். களிம்பு இன்னும் வரவில்லை. கடைத்தெருவில் பல அடுக்குக் கார் பார்க்கிங் ஒன்று இருக்கிறது. அதன் சரிவுப்பாதை வளைந்து வளைந்து மொட்டைமாடி வரை போகிறது. தேயிலையை மட்டும் நட்டுவிட்டால் எங்கள் ரோடுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடைகள் திறப்பதற்கு முன்னால், ஒரு இடத்திலும் காலை ஊன்றாமல் உச்சி வரை ஏறிப் பார்க்கப் போகிறேன். வீடியோ எடுத்து ஷீபாவுக்கு மட்டும் அனுப்புவேன். மேலேயிருந்து கார் வந்தால் அது நிற்காது. இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு ஹாரன் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் அடித்துக்கொண்டே ஏறுவேன்.